நீயா வரைஞ்சே?

ப்ளஸ் டூவில் விலங்கியல் ரெக்கார்டு நோட்டுக்கு நான் வாங்கியது பத்துக்கு ஒன்பது. தவளையின் ஜீரண மண்டலம், கரப்பான் பூச்சியின் வாய் உறுப்புகள், மண்புழுவின் நரம்பு மண்டலம் எல்லாம் தத்ரூபம். தவளை எந்த நிமிஷமும் நோட்டை விட்டுக் குதித்து பெஞ்சுக்கு அடியில் ஓடிவிடும் போல இருக்கும். வாத்தியார் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

‘‘நீயா வரைஞ்சே?’’

‘‘ஆமா சார்!’’

சுத்தப் பொய். நான் சொந்தமாக வரைந்த தவளையைப் பார்த்துவிட்டு, ‘‘எதுக்குடா நோட்டுல கத்தரிக்காய் படம்?’’ என்று அம்மா கேட்டிருக்கிறாள். ஒன்பது மார்க் தவளையை வரைந்தது பக்கத்து பெஞ்ச் பையன். படத்துக்கு ஒரு போண்டா என்று ரேட். பாகம் குறிப்பதற்குத் தனியாக டீ. அவன் பெயர் ‘எஸ்’ஸில் ஆரம்பிக்கும். சுப்ரமணியோ, சுந்தரமோ... சரி, அதை விடுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை வரை இதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா போன் பண்ணினாள்.

‘‘டேய், உன் மருமகன் பேங்க் பரீட்சைக்கு அப்ளை பண்ண மாட்டேங்கறான். மெடிக்கல் இல்லஸ்ட்ரேஷனாம். டாக்டருங்க புஸ்தகத்துக்குப் படம் போடறதாம். அத்தான் மூணு நாளா அவன்கூடப் பேசலை. நீ சொன்னா கேப்பான். அனுப்பி வைக்கறேன், நாலு வார்த்தை நல்லதா சொல்லு.’’

‘நல்லதா’ என்றால் பேங்க் பரீட்சை என்று அர்த்தம். பத்தரை மணிக்குப் பையன் வந்துவிட்டான். பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்தவன். கையில் பெரிய ஃபைல். திறந்து காட்டினான். இதயம், சிறுநீரகம், முழங்கால் மூட்டு, ஒரு வண்டின் கால். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவ்வளவு நன்றாக இருந்தது. நன்றாக இருந்தால் புத்தி சொல்வது கஷ்டம்.

இருந்தாலும் அக்கா சொல்லைத் தட்ட முடியாது. மூன்று கேள்விகள் தயாராக வைத்திருந்தேன்.

* * *

முதல் கேள்வி: ‘‘ஏண்டா, அதான் கேமரா இருக்கே? ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு க்ளிக். எதுக்கு உட்கார்ந்து வரையணும்?’’

‘‘மாமா, ஆபரேஷன் போட்டோ எதையாவது பார்த்திருக்கீங்களா?’’ என்று போனில் ஒன்றைக் காட்டினான். ஒரே சிவப்பு. தக்காளிச் சட்னி கொட்டின மாதிரி. எது நரம்பு, எது ரத்தக் குழாய், எது டாக்டரின் விரல் என்றே தெரியவில்லை. பக்கத்தில் அதே இடத்தை வரைந்த படம். பளிச்சென்று புரிந்தது.

‘‘போட்டோ எல்லாத்தையும் காட்டும் மாமா. எது வேண்டாம்னு அதுக்குத் தெரியாது. வரையறவன்தான் அதைத் தீர்மானிக்கணும். அதுக்கு முதல்ல அவனுக்குப் புரியணும்.’’

அப்புறம் மாக்ஸ் ப்ரோடல் கதையைச் சொன்னான். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துக்காரர். ஓவியம் படித்தவர், டாக்டர் இல்லை. 1894-ல், இருபத்து மூன்று வயதில், அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். ஹோவர்ட் கெல்லி என்ற சர்ஜனின் புத்தகத்துக்குப் படம் போடும் வேலை. நம்மாளாக இருந்தால் டாக்டர் சொன்னதை வரைந்து கொடுத்துவிட்டு வவுச்சரில் கையெழுத்துப் போட்டிருப்பார். ப்ரோடலுக்குப் புரியாத விஷயத்தில் பென்சில் வைக்கப் பிடிக்காது. பிணத்தை அறுத்துப் பார்ப்பார். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். மனசுக்குள் முழுப் படமும் வந்த பிறகுதான் முதல் கோடு.

சிறுநீரகத்தை வரைய வேண்டி வந்தது. உள்ளே ரத்தக் குழாய்கள் எப்படி ஓடுகின்றன என்று துருவித் துருவிப் பார்த்தார். முன்பக்கக் கிளைகளும் பின்பக்கக் கிளைகளும் ஒன்றோடு ஒன்று கலக்காமல் நடுவில் ஓர் எல்லை இருப்பது தெரிந்தது. அந்த இடத்தில் கத்தி வைத்தால் ரத்தப்போக்கு குறைவு. 1901-ல் கட்டுரையே எழுதிவிட்டார். இன்றைக்கும் சர்ஜன்கள் அதை ‘ப்ரோடல் கோடு’ என்கிறார்கள். உங்கள் சிறுநீரகத்திலும் என் சிறுநீரகத்திலும் ஓர் ஓவியர் பெயரில் ஒரு கோடு ஓடுகிறது, சார்!

ஈரமான உறுப்புக்கு ஒரு மினுமினுப்பு உண்டே, அது பேனா மையில் வராது. அதற்காக ப்ரோடல் கரிப் பென்சிலைப் பொடி செய்து, தூரிகையால் தொட்டுத் தொட்டு, சுண்ணப் பூச்சுள்ள அட்டையில் தடவி, வெளிச்சம் விழும் இடத்தைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்தார். அந்த முறையை உலகமே எடுத்துக்கொண்டது. 1911-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவ ஓவியத்துக்கென்றே ஒரு துறை ஆரம்பித்தார்கள். அவர்தான் தலைவர். அந்தத் துறை இன்றும் இருக்கிறது.

கேமரா கேள்வி அவுட்.

* * *

இரண்டாவது கேள்வி, அத்தானின் கேள்வி: ‘‘சோறு போடுமா?’’

இதற்கு நானே ஒரு கதை வைத்திருந்தேன். பையனைப் பயமுறுத்துவதற்காக ஆரம்பித்து, பாதியில்தான் அது எனக்கு எதிரான கதை என்று உறைத்தது.

நியூயார்க்கில் ஃப்ராங்க் நெட்டர் என்று ஒருவர். 1906-ல் பிறந்தவர். ஓவியம் படித்து, பத்திரிகைகளுக்குப் படம் போட்டுச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அம்மாவுக்குப் பிள்ளை டாக்டராக வேண்டும். (அம்மாக்கள் நியூயார்க்கிலும் மடிப்பாக்கத்திலும் ஒரே மாதிரிதான்.) அடங்கிப் போய் மருத்துவம் படித்தார். 1931-ல் டாக்டராக வெளியே வந்தால், அமெரிக்காவே பொருளாதார மந்தத்தில் படுத்துக் கிடக்கிறது. க்ளினிக்குக்கு வந்தவர்களிடம் ஃபீஸ் கொடுக்கக் காசு இல்லை. பழைய தூரிகைதான் கை கொடுத்தது. மருந்துக் கம்பெனி ஒன்று ஐந்து படம் கேட்டது. ஐந்துக்கும் சேர்த்து 1,500 டாலர் என்று நெட்டர் சொன்னார். கம்பெனிக்காரர் அதை ஒரு படத்துக்கு என்று நினைத்துக்கொண்டு 7,500 டாலர் கொடுத்துவிட்டாராம். அதோடு ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு முழு நேரமும் படம்தான். நாலாயிரத்துக்கு மேல் வரைந்தார். 1989-ல் வந்த அவருடைய உடற்கூறு அட்லஸ் இல்லாத மருத்துவக் கல்லூரி ஹாஸ்டலைப் பார்ப்பது அபூர்வம்.

‘‘பார்த்தீங்களா மாமா?’’ என்றான் பையன்.

‘‘எல்லாரும் நெட்டர் ஆக முடியாதுடா’’ என்று சமாளித்தேன். ‘‘மாசச் சம்பளம் வருமா, அதைச் சொல்லு.’’

‘‘கொரோனா படம் ஞாபகம் இருக்கா?’’

யாருக்கு மறக்கும்? சாம்பல் நிறத்தில் ஒரு பந்து, மேலெல்லாம் சிவப்பு சிவப்பாக முள். 2020-ல் டி.வி. பெட்டியைத் திறந்தால் அதுதான். அது போட்டோ என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த அலிசா எக்கர்ட், டான் ஹிக்கின்ஸ் என்ற இரண்டு மருத்துவ ஓவியர்கள் 2020 ஜனவரியில் உருவாக்கிய படம். அந்த வைரஸின் குறுக்களவு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிடவே சின்னது. அவ்வளவு சின்னதுக்கு நாம் நினைக்கிற மாதிரி நிறம் என்று ஒன்று கிடையாது. அந்தச் சிவப்பு, ஓவியர்கள் தேர்ந்தெடுத்தது. ‘பத்திரம்!’ என்று மக்களுக்கு உறைக்க வேண்டும் என்பதற்காக.

உலகத்தையே வீட்டுக்குள் உட்கார வைத்த வில்லனுக்கு மேக்கப் போட்டவர்கள் இரண்டு பேர். நான் அந்தப் படத்தை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். வரைந்தது யார் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

* * *

மூன்றாவது கேள்வி, பிரம்மாஸ்திரம்: ‘‘இப்பதான் கம்ப்யூட்டரே வரையுதேடா! நாலு வரி டைப் அடிச்சா போதுமாமே?’’

பையன் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே நான் தோற்றது தெரிந்தது.

2024 பிப்ரவரியில் ஒரு பன்னாட்டு ஆராய்ச்சி இதழில் கட்டுரை ஒன்று வந்தது. எலியின் விந்து உற்பத்தி சம்பந்தப்பட்டது. செயற்கை நுண்ணறிவை வைத்துப் படம் போட்டிருந்தார்கள். அந்த எலியின் ஆண் உறுப்பு எலியைவிடப் பெரிசு! பாகங்களுக்குப் போட்டிருந்த பெயர்கள் எந்த மொழியிலும் இல்லாத வார்த்தைகள். ஒரே ஆறுதல், எலிக்கு ‘எலி’ என்று சரியாகப் போட்டிருந்தது. ஆசிரியர், நிபுணர்கள் எல்லாரையும் தாண்டி அச்சாகி, ஊர் சிரித்து, சில நாட்களிலேயே கட்டுரையை வாபஸ் வாங்கினார்கள்.

‘‘மெஷின் வேகமா வரையும் மாமா. தப்பையும் அழகா வரையும். அதைக் கண்டுபிடிக்க விஷயம் தெரிஞ்ச ஆள் வேணுமில்ல?’’

‘‘நாலைஞ்சு வருஷத்துல மெஷினும் திருந்திடுமேடா?’’

கொஞ்சம் யோசித்தான். ‘‘திருந்தலாம். சில வேலை போகும். பயமாத்தான் இருக்கு’’ என்று ஒப்புக்கொண்டான். எனக்கு அது பிடித்திருந்தது. பயமில்லை என்று சொல்பவனை நம்பி ஒரு அட்வைஸும் கொடுக்கக் கூடாது.

‘‘ஆனா இதைப் பாருங்க’’ என்று இன்னொரு படத்தை எடுத்தான். தாயின் வயிற்றில் குழந்தை. தாயும் கறுப்பு, குழந்தையும் கறுப்பு. நைஜீரியாவைச் சேர்ந்த சிடியெபெரே இபே என்ற மருத்துவ மாணவர் வரைந்தது. 2021 டிசம்பரில் உலகம் முழுக்கப் பரவியது. ‘இத்தனை வயசில் ஒரு கறுப்புச் சிசுவின் படத்தை இப்போதுதான் பார்க்கிறேன்’ என்கிற ரீதியில் எத்தனையோ பேர் எழுதினார்கள். பாடப் புத்தகத்துப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான்.

இதில் பெருமையை விட்டுவிடுங்கள், உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. புத்தகத்தில் ‘சிவந்த தடிப்பு’ என்று போட்டிருக்கும், படத்திலும் சிவப்பாக இருக்கும். நம்ம ஊர்த் தோலில் அதே தடிப்பு பழுப்பாகவோ, ஊதாவாகவோ, கருத்தோ தெரியும். சிவப்பைத் தேடிக்கொண்டிருக்கும் டாக்டர் நோயைத் தவறவிடலாம். பழைய படங்களையே தின்று வளரும் மெஷின் பழைய படத்தையே திரும்பக் கொடுக்கும். நம்ம தோலை நாம்தான் வரைய வேண்டும்.

மூன்றாவது விக்கெட்டும் விழுந்தது. அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே காபி போட உள்ளே போனேன்.

* * *

திரும்பி வந்தபோது பையன் ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தான். நர்ஸிங் மாணவர்களுக்கான கைடு.

‘‘இதுல இருக்கற நாப்பது படமும் நான் போட்டது மாமா.’’

‘‘அடேயப்பா! எவ்வளவு கொடுத்தாங்க?’’

‘‘படத்துக்கு நூறு ரூபா.’’

நாலாயிரம். போண்டா கணக்கில் பார்த்தால் பரவாயில்லை. ஆனால் அவன் முகம் அதற்காக வாடவில்லை. இதயப் படத்தின் கீழ் மூலையைக் காட்டினான். வெள்ளையாக இருந்தது.

‘‘இங்கே சின்னதா கையெழுத்துப் போட்டிருந்தேன். அழிச்சிட்டாங்க. முன்னுரையில ‘படங்கள் உதவி: நண்பர்கள்’னு போட்டிருக்கு. அப்பாகிட்டே காட்டினேன். ‘நீ வரைஞ்சதுன்னு எங்கேடா இருக்கு?’ன்னு கேட்டார்.’’

அத்தானோடு பேச்சு நின்றது பேங்க் பரீட்சையால் இல்லை, இந்தக் கேள்வியால் என்று அப்போதுதான் புரிந்தது.

அவனைத் தேற்ற எனக்குத் தெரிந்த ஒரே கதை ஹென்றி வான்டைக் கார்ட்டருடையது. ‘கிரேஸ் அனாடமி’ கேள்விப்பட்டிருப்பீர்கள். டாக்டர்களின் வேதப் புத்தகம். 1858-ல் லண்டனில் வந்தது. எழுதியவர் ஹென்றி கிரே. முதல் பதிப்பின் 363 படங்களையும் வரைந்தவர் கார்ட்டர், ஓர் ஓவியரின் மகன், தானும் டாக்டர். அதுவரை உடற்கூறு படங்களில் ஒவ்வொரு பாகத்துக்கும் அ, ஆ, இ என்று குறி போட்டு, பெயரை அடியில் தேட விடுவார்கள். கார்ட்டர் தசையின் மேலேயே, நரம்பின் ஓரத்திலேயே பெயரை எழுதினார். பார்த்த மாத்திரத்தில் மனசில் நிற்கும். புத்தகம் ஜெயித்ததற்கு அது பெரிய காரணம்.

கிரேவுக்கு விற்ற பிரதிகளின் கணக்கில் ராயல்ட்டி. கார்ட்டருக்கு ஒரே தடவையாக 150 பவுண்டு, அவ்வளவுதான். முதல் பக்கத்தில் கார்ட்டரின் பெயரைப் பொடி எழுத்தில் போடச் சொல்லி கிரேவே ப்ரூஃபில் திருத்தினார். உலகம் இன்றைக்கும் ‘கிரேஸ்’ என்றே சொல்கிறது.

புத்தகம் வெளிவருவதற்குள் கார்ட்டர் கப்பல் ஏறி பம்பாய் வந்துவிட்டார். அங்கே கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு வாத்தியார். வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களுக்கு முள் குத்தி, பாதம் வீங்கி, புரையோடி, கடைசியில் காலையே எடுக்க வைக்கும் ஒரு நோய் உண்டு. 1842-ல் நம்ம மதுரையில் இருந்த கில் என்ற டாக்டர் அதைப் பற்றி எழுதியதால் அதற்கு ‘மதுரைப் பாதம்’ என்றே பெயர். அதற்குக் காரணம் ஒரு வகைப் பூஞ்சை என்று 1860-ல் சொன்னவர் இதே கார்ட்டர். (சில கேஸ்களுக்குக் காரணம் பாக்டீரியா என்பது பிற்பாடு தெரிந்தது.) நோய்க்கு ‘மைசிட்டோமா’ என்று பெயர் வைத்ததும் அவரே. 1874-ல் அதற்காகத் தனிப் புத்தகமே போட்டார். இந்தத் தடவை அட்டையில் அவர் பெயர் மட்டும்.

நம்ம பக்கத்திலேயே இன்னும் இரண்டு பேர் உண்டு. அந்தக் கால மதராஸ் ராஜதானியில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் செடி கொடிகளை ஆராய்ந்தார். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட ‘ஐகோன்ஸ்’ தொகுப்பில் இரண்டாயிரத்துக்கு மேல் படங்கள். அவருக்காக வரைந்த நம்மவர்கள் ருங்கையா, கோவிந்து. வைட் ஒரு நல்ல காரியம் செய்தார். படத்துக்குக் கீழே மூலையில் வரைந்தவர் பெயரை அச்சிட்டார். ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே கோவிந்துவின் நினைவாக ‘கோவிந்தூயியா’ என்று பெயர் வைத்தார். தாவரவியல்காரர்கள் பிற்பாடு அந்த இனத்தை வேறொன்றோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் மூலையில் இருக்கும் அந்தச் சின்னப் பெயர் மட்டும் அழியவில்லை. அது இல்லாவிட்டால் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

* * *

கடைசியில் நான் அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பையனோ, பெண்ணோ, ரெக்கார்டு நோட்டை ரசித்து ரசித்து வரைந்துகொண்டிருக்கலாம்.

ஒன்று: ஜான்ஸ் ஹாப்கின்ஸ், டொரன்டோ மாதிரி ஒரு சில பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே முதுகலைப் படிப்பு உண்டு. உயிரியல் தெரிய வேண்டும், கையில் நல்ல படங்கள் கொண்ட ஃபைல் இருக்க வேண்டும். அதோடு வீட்டை அடகு வைக்கும் அளவுக்கு ஃபீஸும் வேண்டும். அதனால் இங்கேயே ஆரம்பிப்பது உத்தமம். விலங்கியல்காரன் ஓவியம் கற்கலாம், ஓவியக்காரன் உடற்கூறு கற்கலாம். சென்னை கவின் கலைக் கல்லூரியை 1850-ல் ஆரம்பித்த அலெக்சாண்டர் ஹன்டர் ஒரு சர்ஜன் என்பதை அத்தானுக்கு ஞாபகப்படுத்தலாம்.

இரண்டு: பாடப் புத்தகம், மருந்துக் கம்பெனி, அனிமேஷன், கோர்ட்டுக்குப் போகும் விபத்து கேஸ் என்று வேலை பல திசையில் சிதறிக் கிடக்கிறது. தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒண்ணாம் தேதி சம்பளம் வராத மாதங்கள் இருக்கும். அதற்குத் தைரியம் இல்லாவிட்டால் பேங்க்கில் சேர்ந்து சனி, ஞாயிறில் வரையலாம். அவமானம் ஒன்றுமில்லை.

மூன்று: கோடு போடுவதற்கு முன்னால் பேப்பரில் எழுதி வாங்கு. எத்தனை பதிப்பு, எவ்வளவு பணம், பெயர் எங்கே வரும். நம்ம நாட்டின் 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 57-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உரிமையை விற்ற பிறகும்கூட, ‘இது நான் செய்தது’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவனிடமே இருக்கும் என்கிறது.

‘‘அப்ப கேக்கலாமா மாமா?’’

‘‘கேளு. மரியாதையா ஒரு லெட்டர் எழுது. அடுத்த பதிப்புல பேர் போடச் சொல்லு. போடலைன்னா மாமா வர்றேன்.’’

எழுதினான். என் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினான். சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள்.

‘‘என்னடா, சொன்னியா?’’

‘‘சொன்னேங்க்கா.’’

‘‘கேட்டுக்கிட்டானா?’’

‘‘நான் கேட்டுக்கிட்டேன். அத்தானைக் கூப்பிடு. அந்தக் கைடுல நாப்பது படமும் உங்க பையன் போட்டதுன்னு நான் சொல்லணும்.’’

அத்தான் ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், ‘‘எல்லாமே அவனா போட்டான், மாப்ளே?’’ என்றார். இரண்டாம் தடவையும் கேட்டார். குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ப்ரோடல் பெயர் தெரிந்தது, கார்ட்டர் பெயர் தெரிந்தது, கடல் தாண்டி யார் யார் பெயரோ தெரிந்தது. பக்கத்து பெஞ்சில் ஒரு வருஷம் உட்கார்ந்து எனக்கு ஒன்பது மார்க் வாங்கிக் கொடுத்தவன் பெயர் மட்டும் ‘எஸ்’ஸுக்கு மேல் நகரவில்லை. சுப்ரமணியா, சுந்தரமா, செல்வமா?

ஐயா, நீங்கள் யாராக இருந்தாலும் சரி, இந்தப் பக்கத்தைப் படிக்க நேர்ந்தால் ஒரு கார்டு போடுங்கள். அந்தத் தவளையை வரைந்தது நான் இல்லை. அப்புறம், மண்புழுவுக்கும் கரப்பான் பூச்சிக்கும் இரண்டு போண்டா பாக்கி இருக்கிறது.